இடிக்காத கரி

பென்சில் செய்கிற கரிக்கு எங்கள் யட்டியாந்தோட்டைப் பக்கம் மினிரன் என்று பெயர். ரப்பர் ஃபெக்டரியில் டைனமோ பார்ப்பவன் நான். துரை பங்களா விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்க, மினிரனைக் களிமண்ணில் கலந்து கரண்டைக் கொஞ்சமாக மட்டும் விடும் குச்சி செய்ய ஒரு மாதம் பாடுபட்டேன். மினிரன் குறைந்தால் விளக்கு எரியாது. கூடினால் குச்சி உதிர்ந்துவிடும். ஆத்திரத்தில் மினிரனை மாவாக இடித்தும் பார்த்தேன்.

மினிரன் குழியில் தரம் பிரிக்கும் பெண் ஒருத்தி மூட்டை கொண்டுவந்தாள். இமை வரைக்கும் கறுப்பு மினுமினுப்பு. கைக்கு வந்த எதையும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பாள். என் மாவையும் தேய்த்தாள்.

"ஏண்ணே இப்படி இடிச்சீங்க? செதிலாவே போடுங்க. நீளமா கெடந்தாத்தானே ஒண்ணை ஒண்ணு தொடும்?"

"டைனமோவைக் கண்ணால பாத்திருக்கியா நீ?"

"இல்லீங்க."

அவள் போன பிறகு, அதே அளவுக்குச் செதிலைப் போட்டேன். குச்சி காய்ந்ததும் விளக்கு இதமாக எரிந்தது. எனக்கு வயிறுதான் எரிந்தது.

"உன் வேலையா?" என்றார் துரை.

"ஆமாங்க தொரை."

அவள் பெயரை நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு அதைச் சொல்ல வேண்டி வந்திருக்கும்.