ஒரே ஒரு நரைமுடி

நூலக்காவுக்குத் துணியிடம் இரக்கம் கிடையாது. கழுத்துப் பட்டையில் எவ்வளவு பெரிய கம்பெனிப் பேர் தைத்திருந்தாலும் நம்ப மாட்டாள். "பேரை எவன் வேணும்னாலும் தைக்கலாம். நூலு பொய் சொல்லாது" என்பாள். முதலில் புறங்கையால் தடவிப் பார்ப்பாள். உள்ளங்கை ஊசி பிடித்துக் காய்த்துப் போனது, அதற்கு ஒன்றும் தெரியாது என்பது அவள் கட்சி. பிறகு உடுப்பைப் புரட்டி, இடுப்புக்குக் கீழே உள்தையலில் ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுவாள். காகிதம் எரிந்த வாடை வந்தால் பருத்தி. முடி பொசுங்கிய வாடை வந்து சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு, இல்லாவிட்டால் கம்பளி. உருகிச் சுருண்டு கறுப்பு மணியாய்க் கெட்டித்துப் போனால் பாலியெஸ்டர். அதை அவள் பேர் சொல்லிக்கூட அழைப்பதில்லை, "பிளாஸ்டிக் பெத்த பிள்ளை" என்று தள்ளி வைப்பாள்.

வியாபாரம் அண்ணன் மகளுடையது. பெரிய வீட்டுப் பெண்கள் இரண்டு முறை உடுத்தி அலுத்துப்போன விலை உயர்ந்த உடுப்புகளை வாங்கி, வெள்ளைச் சுவரில் மாட்டிப் படம் பிடித்து, இணையத்தில் விற்பாள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை. ஓர் அறையில் விளக்கும் கேமராவும் அவளும். மற்றதில் ஜன்னலோரம் மேசை போட்டு நூலக்கா. துணி இன்னது, விலை இன்னது என்று சொல்வது அத்தையின் பாடு. பொத்தான் முதலிலேயே தைத்ததா, பிறகு மாற்றியதா, உள்துணி நைந்திருக்கிறதா, அக்குளில் கறை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். அக்குளைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடலாம் என்பாள். அவள் வாயால் பட்டு என்றால் பட்டுதான். அண்ணன் மகள் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவாள்.

அப்படிப்பட்டவளுக்கே ஒருநாள் அடி சறுக்கியது. பட்டு என்று விற்ற கறுப்பு நீள அங்கி ஒன்று திரும்பி வந்தது, கூடவே ஏகப்பட்ட வசையோடு.

"அத்தை, இது சிந்தெடிக்காம். கடையில காட்டி உறுதி பண்ணிட்டாங்களாம். நம்மள ஃபிராடுன்னு எழுதிட்டா அந்தம்மா."

"நான் எரிச்சுப் பாத்துத்தானடி சொன்னேன். முடி வாடைதான் வந்துது."

"மறுபடி எரிங்க."

வேறோர் இடத்தில் இழை உருவி எரித்தாள். உருகியது. கறுப்பு மணி இடுக்கியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு அவளைப் பார்த்து இளித்தது. நூலக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் மூக்கு அவளை ஏமாற்றியதே இல்லை. முடி வாடை வந்தது சத்தியம் என்றால், அன்றைக்கு எரிந்தது எது?

அங்கியைப் புரட்டி, அன்று இழை உருவிய இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். அங்கே விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல் இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதபடி அதை இழை ஓட்டி மூடியிருக்கிறார்கள். அவள் உருவியது துணியின் இழையை அல்ல, கிழிசலை மூட ஓட்டிய இழையை. ஓட்டியிருந்தது நூலாலும் அல்ல. மேலும் ஓர் இழையை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள்.

தலைமுடி. நல்ல கறுப்பு முடி.

கையிலிருந்த கண்ணாடியை மெல்ல மேசையில் வைத்தாள். முடியால் ஓட்டுவது அவளுக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கு முன்னால், ஆற்றுக்கு அந்தக் கரையில், அவளும் தங்கையும் ஒரு தையற்கடையின் பின்னறையில் கிழிசலுக்கு இழை ஓட்டும் வேலை பார்த்தவர்கள். மெல்லிய கறுப்புத் துணி வந்தால் சின்னவள் தன் தலையிலிருந்தே ஒரு முடியைப் பிடுங்கி ஊசியில் கோத்துவிடுவாள். "என் தலையிலயே நூல்கண்டு இருக்கு, கடைக்கு எதுக்குப் போகணும்" என்பாள். அவள் இடக்கைக்காரி. எல்லோரும் வலமிருந்து இடமாக ஓட்டினால் அவள் ஊசி எதிர்த்திசையில் போகும். கடைசியில் முடிச்சுப் போட மாட்டாள், மூன்று இழை பின்னால் வந்து நுனியை ஒளித்துவிடுவாள்.

இந்த அங்கியில் இடமிருந்து வலமாக ஓட்டியிருந்தது. முடிச்சு இல்லை. மூன்று இழை பின்னால் போய் நுனி ஒளிந்திருந்தது.

சின்னவள் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தக் கரையில் ஏதோ ஒரு சலவைக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது என்று பையோடு படகேறினாள். படகு நடு ஆற்றில் கவிழ்ந்தது. மற்றவர்களின் உடல் கிடைத்தது, அவளுடையது கிடைக்கவில்லை. எந்தக் கடை என்றுகூட வீட்டில் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பிறகு நூலக்கா வாழ்க்கைப்பட்டு இதே கரைக்கு வந்தாள். வந்த புதிதில் கண்ட சலவைக்கடையில் எல்லாம் நுழைந்து விசாரித்து, பைத்தியம் என்று பேர் வாங்கியதுதான் மிச்சம். அண்ணன் வீட்டுச் சுவரில் சின்னவளின் படம் ஏறிவிட்டது. நூலக்கா மட்டும் இன்றுவரை "செத்தவ" என்று சொன்னதில்லை. "போனவ" என்றுதான் சொல்வாள்.

"அத்தை, இடக்கைக்காரங்க ஊர்ல ஆயிரம் பேர்" என்றாள் அண்ணன் மகள்.

நூலக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அந்த அங்கி வந்த மூட்டையையே அவிழ்த்துக் கொட்டினாள். யாரும் திரும்ப வந்து வாங்காத உடுப்புகளை ஒரு சலவைக்கடைக்காரர் மொத்தமாகத் தள்ளிவிட்ட மூட்டை அது. கறுப்பாக இருந்ததை எல்லாம் புரட்டினாள். ஒரு கோட்டின் முழங்கையில் இருந்தது. ஒரு பாவாடையின் விளிம்பில் இருந்தது. பட்டையைப் பார்த்தே எந்தக் காலத்து உடுப்பு என்று சொல்லக்கூடியவள் அவள். ஒன்று போன வருஷத்தது. ஒன்று பத்துப் பதினைந்து வருஷப் பழசு. இன்னொன்றின் பட்டையில் எப்படித் துவைப்பது என்று காட்டும் குறிகளே இல்லை, அவ்வளவு பழசு. எல்லாவற்றிலும் அதே கை, அதே முடி.

அண்ணன் மகள் பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அவள் கிண்டல் அடங்கிப்போயிருந்தது.

"சின்னத்தை இருந்தா இப்ப அம்பது தாண்டியிருக்கும். எல்லாம் கருகருன்னு இருக்கே. ஒரு நரைகூடவா இருக்காது?"

"சாயம் பூசின முடி இல்ல. பாத்தாலே தெரிஞ்சுடும் எனக்கு. கறுப்புத் துணிக்குக் கறுப்பாத்தான் பொறுக்கி எடுப்பா. வேலைக்காரி அவ."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உயிரோடிருப்பவளுக்கு நரைக்கும். செத்தவளுக்கு நரைக்காது. ஒரே ஒரு நரைமுடி கண்ணில் பட்டால் போதும், தங்கை எங்கேயோ இருக்கிறாள், கோபத்திலோ வீம்பிலோ வீடு திரும்பாமல் கிழவியாகிக்கொண்டிருக்கிறாள் என்று நெஞ்சு ஆறிவிடும். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

சலவைக்கடைக்காரர் நல்ல மனிதர், வாய் கொஞ்சம் நீளம். நூலக்கா கோட்டைக் காட்டி, இதை ஓட்டியது யார் என்று கேட்டாள்.

"எங்க கடை வேலைதான்க்கா. பின்பக்கம் மாடி ரூம் ஒண்ணு இருக்கு. கிழிசல் வந்தா ஒரு பையில போட்டு ஜன்னல் கம்பியில மாட்டிட்டு வந்துடுவோம். நாலஞ்சு நாள்ல ஓட்டி, பை அங்கயே தொங்கும்."

"யார் ஓட்டறது?"

"பாத்ததில்ல. அப்பா காலத்துலேருந்து இப்படித்தான். அக்கரையிலேருந்து ஒரு பொண்ணை வரச் சொல்லி, அதுக்குன்னு அந்த ரூமை ஒழிச்சு வெச்சாராம். பொண்ணு வந்ததை யாரும் பாக்கல. வேலை மட்டும் நடந்துது. கூச்ச சுபாவம்னு அப்பா விட்டுட்டார். கூலியைப் பையில வெச்சா அப்படியே திரும்பி வரும். கேக்காதவங்களுக்கு எதுக்குன்னு நான் வெக்கறதையும் விட்டுட்டேன்."

"கதவைத் திறந்து பாக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"நல்லா ஓடற வண்டியை எதுக்குக்கா நிறுத்திப் பாக்கணும்" என்றார் அவர். ஆனால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். சாவி தொலைந்துபோய் வெகுகாலம் ஆயிற்றாம். மாடிக்குக் கூட வரவும் மாட்டேன் என்றுவிட்டார்.

இரும்புப் படி துருவேறிக் கிடந்தது. நடுப்பகல் வெயிலில் கைப்பிடி சுட்டது. கதவில் பூட்டு, பூட்டின் துவாரம் துருவால் அடைபட்டிருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஒரு முக்காலி, வேறொன்றும் இல்லை. பாய் இல்லை, பானை இல்லை, தண்ணீர்க் குவளைகூட இல்லை. தரையில் தூசி மெத்தைபோல் படிந்திருந்தது. அதில் ஒரு காலடித் தடம் இல்லை. முக்காலியின் மேலும் தூசிதான். ஆனால் ஜன்னல் திண்டில், கைக்கெட்டும் தூரத்தில், ஓர் ஊசி கிடந்தது. துரு ஏறாமல் பளபளவென்று, காதில் ஒரு கறுப்பு முடியோடு.

கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சின்னவளே, நான்தாண்டி" என்றாள். கீழே கடையின் இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று நீராவி விட்டது. அதற்குமேல் ஒரு சத்தமும் இல்லை.

மூன்றாம் மாடிக்குத் திரும்பியவள் அலமாரியைக் குடைந்து ஒரு கோட்டை எடுத்தாள். கலப்பில்லாத கம்பளி, சாம்பல் நிறம், அந்த வருஷத்திலேயே அதிக விலை போட்டு வைத்திருந்த சரக்கு. சாம்பலில் கறுப்பும் ஒன்றுதான், வெள்ளையும் ஒன்றுதான், இரண்டும் சமமாய்ப் பொருந்தும். ஓட்டுகிறவள் பொறுக்கி எடுக்க வேண்டியதில்லை, கைக்கு வந்ததைக் கோக்கலாம். அண்ணன் மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் முன்பக்கத்தில் கத்தரியை வைத்தாள்.

"அத்தை, உங்களுக்கு என்ன ஆச்சு?"

"பேசாம இரு."

கிழிசலில் பாதியைத் தானே ஓட்டினாள். தன் தலையிலிருந்து வெள்ளை முடியாகப் பார்த்துப் பிடுங்கி, வலமிருந்து இடமாக. அவளுக்குச் சின்ன வயதிலேயே இளநரை. சின்னவள் அவளைப் பிடித்து உட்காரவைத்து அந்த நரையைப் பிடுங்குவாள். பிடுங்கியதைச் சுண்டுவிரலில் சுற்றி மோதிரம் மாதிரி ஆக்கி, அக்காவுக்குத் தெரியாமல் அவள் கைப்பைக்குள் போட்டுவிடுவாள். "உன் கிழட்டுத்தனத்தை எடுத்துட்டேன். நான் இருக்கற வரைக்கும் நீ குமரிதான்" என்று சிரிப்பாள். இப்போது பிடுங்க ஆளில்லாமல் தலை முழுக்க வெளுத்துப்போயிருந்தது. மீதிக் கிழிசலை அப்படியே விட்டு, ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்து, பையில் போட்டு, அந்தக் கம்பியில் மாட்டிவிட்டு வந்தாள்.

நாலைந்து நாள் கழித்து அதை எடுக்கப் போனபோது அண்ணன் மகளும் கூட வந்தாள். பை தொங்கிக்கொண்டிருந்தது. நூலக்கா படியிலேயே உட்கார்ந்து கோட்டை மடியில் விரித்தாள். கிழிசலைக் காணோம். தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் பிடித்தது. கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஓட்டு, இடமிருந்து வலமாக. அவள் ஓட்டிய பாதியும் அவிழ்க்கப்பட்டுப் புதிதாக ஓட்டப்பட்டிருந்தது. எல்லாம் கறுப்பு. ஒவ்வோர் இழையாக ஊசிமுனையால் நெம்பி நெம்பிப் பார்த்தாள். ஒரு நரை இல்லை.

"நீங்க வெச்சது எங்க அத்தை?" என்றாள் அண்ணன் மகள்.

நூலக்கா கோட்டின் உள்பைக்குள் விரலை விட்டாள். தேடத் தேவையே இருக்கவில்லை. விரல் நுனியில் வந்து மாட்டிக்கொண்டது. வெள்ளை முடியெல்லாம் ஒன்றாய்ச் சேர்த்து, சுண்டுவிரல் அளவில், மோதிரமாகச் சுற்றி வைத்திருந்தது.

அவள் அழுதாள். முப்பது வருஷமாக அழாததை எல்லாம் அந்தத் துருப்பிடித்த படியில் உட்கார்ந்து அழுதாள். தங்கைதான், சந்தேகமில்லை. வேலைக்கென்று கிளம்பியவள் வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். வயது மட்டும் அந்தப் படகிலேயே நின்றுவிட்டது. அண்ணன் மகள் அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஜன்னல் பக்கம் பார்க்காமல்.

அந்தக் கோட்டைப் பற்றி அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நூலக்கா வழக்கம்போல மேசைக்கு வந்தாள், புறங்கையால் தடவினாள், இழையை எரித்தாள், விலையைச் சொன்னாள். இழையை மட்டும் கண்ணாடியில் இரண்டு முறை பார்த்த பிறகே எரித்தாள். அன்றைக்குத் தெரியாமல் பொசுக்கியது தங்கையின் முடியை என்பது அவளை அறுத்துக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து அண்ணன் மகள் ஒரு கரும்பச்சைக் கோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அத்தை, நல்ல சரக்கு வருதேன்னு பாத்தா, எல்லாத்துலயும் உள்பக்கம் எங்கயாவது ஒரு கிழிசல். போன வாரம் ரெண்டு. இன்னிக்கு இது. நேத்து நான் படம் எடுக்கறப்ப இல்லையே இது."

"பழைய துணின்னா அப்படித்தான். அங்கங்க விட்டுப் போகும்."

அண்ணன் மகள் மேசையைப் பார்த்தாள். கத்தரிக்கோலைச் சுற்றிப் பச்சைப் பிசிறு கிடந்தது. அத்தையின் தலையைப் பார்த்தாள். முன்வகிட்டில் வெள்ளை முடி அடர்த்தி குறைந்து தோல் தெரிய ஆரம்பித்திருந்தது.

"ஓட்டக் கொடுத்துட்டா தெரியாதுல்ல?" என்றாள் கடைசியில்.

"தெரியவே தெரியாது. விலையைக் குறைச்சுடாத" என்றாள் நூலக்கா, பையை எடுத்துக்கொண்டு.