சத்தமில்லாத ஃபேன் கேட்டவர்

எந்தப் பொருள் திரும்பி வந்தாலும் முதலாளி முதலில் அதை முகர்ந்து பார்ப்பார். அன்றும் அந்த ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கிடையே மூக்கை வைத்து இழுத்தார். பிறகு குழல்விளக்கின் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் அப்போதுதான் கடையின் படியிறங்கிப் போயிருந்தார்.

"புதுசோட வாசம் இல்லியே அம்மிணி," என்றார் என்னிடம். "நம்ம குடுத்தது இதுதானா?"

பாலக்காட்டில் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கு நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மூணாறு மலையில் பள்ளிவாசல் என்னும் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்தவள் நான். எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் சூடாவதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. குளிர்காலத்தில் அதன்மேல் கையை வைத்துக் குளிர்காய்வோம். பாலக்காட்டின் பங்குனி வெயில் வேறு மாதிரி. உச்சிவேளையில் இயந்திரங்கள் தாமாக அணைந்துவிடும். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் வேலை செய்யச் செய்யக் கொதிக்கும். அந்தச் சூட்டை மேலே உட்கார்ந்திருக்கும் ஹீட்சிங்க் வாங்கிக்கொள்ளும். அதோடு சேர்ந்த ஃபேன் காற்றடித்து வெளியே தள்ளும். கோடையில் எங்கள் கடை இந்த வியாபாரத்தில்தான் ஓடியது.

முதலாளி பாலக்காட்டை அடுத்த சித்தூர்ப் பக்கத்துக்காரர். கடைக்கு வருபவர் யாரையும் "ங்க" போடாமல் விளிக்கமாட்டார், யாரையும் நம்பவும் மாட்டார். பார்சல் கொண்டுவருபவர் வாசலிலேயே நிற்க வேண்டும். மொத்த வியாபாரி அனுப்பும் பெட்டியின் ஒட்டுத்தாளை நகத்தால் கீறிப் பார்ப்பார். சாயங்காலம் நான் கிளம்பும்போது என் கைப்பையைத் திறக்கச் சொன்னதில்லை. ஆனால் அவர் கண் ஒருமுறை அதன்மேல் போய் வரும். அந்தப் பார்வைக்குப் பழகிக்கொள்ள எனக்கு வெகு நாளானது. எல்லோரையும் ஏன் இப்படிச் சந்தேகிக்கிறார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஹீட்சிங்கைத் திருப்பித் தந்தவர் பாலக்காட்டிலேயே கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். கம்ப்யூட்டரோடு வந்த சின்ன ஃபேன் கொசு மாதிரி ரீங்காரம் போடுகிறது என்று சொல்லி, உயரமான ஹீட்சிங்க் வைத்த ஒன்றை வாங்கிப் போனார். இரண்டு நாளில் திரும்ப வந்தார்.

"இதுவும் சத்தம் ஜாஸ்தி. வேற இருந்தா காட்டுங்கோ."

அடுத்து, தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் வகை ஒன்றை எடுத்துப் போனார். அதுவும் திரும்பி வந்தது. ஃபேன் பரவாயில்லை, ஆனால் தண்ணீரைத் தள்ளும் பம்ப் முனகுகிறதாம். கடையிலேயே ஓட்டிப் பார்த்தோம். ரோட்டு இரைச்சலில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் குனிந்து காதை வைத்து, "இதோ, இதோ," என்று விரலைத் தூக்கினார். நானும் முதலாளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் போனதும் முதலாளி குரலைத் தாழ்த்தினார். "யாருக்குங்க இத்தனை காது கேக்கும்? நல்ல ஃபேனக் கழட்டி வெச்சுக்கிட்டு டூப்ளிகேட்டச் சொருகிக் குடுக்கறாரு. எனக்குத் தெரியாதா?"

எனக்கும் அது நடக்கக்கூடியதாகவே பட்டது. அவர் ஒவ்வொரு முறையும் பெட்டியை அவ்வளவு நேர்த்தியாக மடித்துக் கொண்டுவருவதே எனக்கு உறுத்தியது. பாதிப் பேர் பெட்டியைக் கிழித்துத்தான் கொண்டுவருவார்கள்.

மூன்றாவது முறை அவர் கேட்டது கடையிலேயே பெரியது: இரட்டைக் கோபுரம் போன்ற ஹீட்சிங்க், தட்டகலத்துக்கு ஃபேன். ஃபேன் பெரிதாக இருந்தால் மெதுவாகச் சுற்றினாலே போதும், சத்தமும் குறையும். முதலாளி சிரித்துக்கொண்டே, "நம்ம பொண்ணே ஊட்டுக்கு வந்து மாட்டிக் குடுத்துரும் சார்," என்றார். என்னிடம் தனியாகச் சொன்னது வேறு. "அலமாரி, மேச அடி எல்லாம் ஒரு கண்ணு பாத்துட்டு வா. நம்ம ஃபேன் எங்காச்சும் கெடக்கும்."

கல்பாத்தியில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே ரயில்பெட்டி போல நீண்டுகொண்டே போகும். அவருடைய மேசை நடு அறையின் வாசலை ஒட்டி இருந்தது. அறைக்கதவு பாதி சாத்தியிருந்தது. மேசைக்கு மேலே இருந்த அலமாரியை அண்ணாந்து பார்த்தேன். வரிசையாக ஃபேன்கள்.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"உங்க முதலாளி பாத்துண்டு வரச் சொன்னாரா?" குரலில் கோபம் இல்லை. அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். "இதெல்லாம் கோயம்புத்தூர்லேந்து தருவிச்சது. உங்க கடைச் சரக்கு ஒண்ணும் இதுல இல்லே. நன்னாப் பாத்துக்கோ. நானும் உங்களைச் சந்தேகப்பட்டேன், பழசைத் துடைச்சுக் குடுக்கறேளோன்னு."

வேலையில் குனிந்தேன். பிராசசர்மேல் இருந்த, சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதியதைப் பட்டாணியளவு வைத்து, ஹீட்சிங்கை இறக்கித் திருகாணிகளை மாற்றி மாற்றி முறுக்கினேன். கோபுரம் உயரமாக இருந்ததால் கம்ப்யூட்டர்ப் பெட்டியின் பக்கவாட்டு மூடி பொருந்தவில்லை. வேறு கேபினெட் வாங்கும்வரை திறந்தே இருக்கட்டும் என்றார். ஃபேனின் வேகத்தைக் குறைத்து வைத்து, கம்ப்யூட்டரில் கனமான வேலையொன்றை ஓடவிட்டார்.

"செத்த பேசாம இரு."

இருவரும் நின்றோம். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. ஃபேன் சுற்றுகிறதா என்று நான் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அப்போது பாதி சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து நூல் போல ஒரு குரல் வந்தது.

"ஏன்னா... யாரு வந்திருக்கா?"

அவர் முகம் மாறியது. "கேட்டுதா நோக்கு?"

"கேட்டுது சார்."

"என் ஆம்படையாளுக்குப் பக்கவாதம் வந்தப்பறம் குரல் இவ்வளவுதான். அந்தப் பழைய ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கலே. ஒரு நாள் தண்ணிக்காக ரொம்ப நேரம் கூப்டிண்டே இருந்திருக்கா. நான் இங்கேதான், இந்த நாற்காலியிலேதான் இருந்தேன்." கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கடைக்குத் திரும்பி எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி முழுவதும் கேட்டார்.

"அந்தம்மாளக் கண்ணால பாத்தியா?"

"பாக்கல. குரல் கேட்டுச்சு."

"கொரலு," என்று மட்டும் சொல்லிவிட்டு, திரும்பி வந்திருந்த பெட்டிகளைத் திறந்து ஒவ்வொரு ஃபேனின் வரிசை எண்ணையும் சரிபார்க்க உட்கார்ந்தார். எல்லாம் எங்கள் கடை ஃபேன்களே. அவற்றைக் கடை அலமாரியில் ஏற்றினார்.

அதன்பிறகு கல்பாத்திக்காரர் வரவில்லை. அடுத்த கோடையில் ஃபேனில் தூசி சேர்ந்திருக்கிறது என்று போன் செய்தார். நான் போனேன். தூசியைத் தட்டிக்கொண்டிருந்தபோது கதவு முழுவதும் திறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மெல்ல இழுத்து, ஒரு அம்மாள் வந்து வாசற்படியில் நின்றாள்.

"கடைப்பொண்ணு நீதானா? உங்கிட்ட ஒரு சண்டை இருக்கு." குரல் இன்னும் மெலிந்துதான் இருந்தது, சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. "முன்னெல்லாம் இவரை வாய்க்குள்ள திட்டிக்கலாம். நீ வந்து இதை மாட்டினப்பறம் அதுவும் இவர் காதுல விழறது."

அவர் திரையைப் பார்த்தபடி ஒன்றும் காதில் விழாதவர்போல உட்கார்ந்திருந்தார்.

கடைக்குப் போனதும் அவசரமாகச் சொன்னேன். "பாத்துட்டேன் சார். எழுந்து நடக்குறாங்க. எங்கூடப் பேசுனாங்க."

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "அது அவரு சம்சாரந்தான்னு நீ எப்படிக் கண்டே?"

விளையாட்டாகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியாது.

இன்று மூணாறில் ஒரு கடையின் சர்வீஸ் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது பொருளைத் திருப்பிக் கொண்டுவந்தால் என் கை தானாக ஒட்டுத்தாளைத் தடவுகிறது, வரிசை எண்ணைச் சரிபார்க்கிறது. அது முதலாளியிடமிருந்து ஒட்டிக்கொண்டது; இனிப் போகாது. அதோடு, இது உங்களுக்கு ஏன் சரிப்படவில்லை என்றும் கேட்டுவிடுகிறேன். கல்பாத்திக்காரர் எங்கள் கடைக்கு அத்தனை முறை வந்துபோயும் சத்தம் ஏன் ஆகாது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.