செல்லனின் ரத்தம் சொன்னது

முளைத்து விரற்கடை உயரம் நிற்கும் சாமைப் பயிரை எந்தக் குடியானவனாவது மறுபடி உழுவானா? செல்லன் உழுதார். கல்வராயன் மலையில் பிறந்து, நரை கண்ட பிறகும் அதே சரிவில் ஏர் பிடித்தவர், பாதிக் காட்டைப் புரட்டிப் போட்டுவிட்டு, "களை மண்டிப் போச்சு" என்று சாவகாசமாக வெற்றிலை மடித்தார். மனைவி பழனியம்மாள் வரப்பில் நின்று வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

ஊருக்கு உடனே காரணம் கிடைத்துவிட்டது. அது கிடைக்காத நாள் ஏது? அவர்கள் ஊரில் ஒரு வழக்கம். வீட்டுத் தலைவர் முதல் பிடி விதையைக் காட்டில் வீசும்வரை, அந்த வீட்டு விதை வெளியே போகக் கூடாது. மூன்று வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாளின் விதையெல்லாம் மழையில் நனைந்து வீணாகிப்போனது. பழனியம்மாள் மனசு கேட்காமல் ஒரு முறம் சாமையை அள்ளிக் கொடுத்துவிட்டாள். செல்லன் அதுவரை முதல் பிடி வீசியிருக்கவில்லை. அந்த மழைக்காலத்தில்தான் அவர் மாட்டை ஒரு பக்கம் கட்டிவிட்டு இன்னொரு பக்கம் தேட ஆரம்பித்தார்.

"அண்ணி கையால வெதை வெளிய போச்சு. அண்ணன் புத்தியும் கூடவே போயிடுச்சு" என்று செல்லனின் தம்பி ராஜதுரை நாலு பேர் நடுவில் சொன்னார். பழனியம்மாள் வாய்க்கு வாய் கொடுக்கிறவள்தான். இதற்கு மட்டும் வாயடைத்துப் போனாள். ஏனென்றால் அவளும் அதை நம்பினாள். கட்டியவர் தன்னையே "யாரு வந்திருக்கறது?" என்று கேட்கும்போதெல்லாம், எல்லாம் என் கை செய்த வேலை என்று மருகினாள். 

கள்ளக்குறிச்சியில் நர்ஸாக இருக்கும் ஒரே மகள் சிவரஞ்சனிதான் அப்பாவை மலையிலிருந்து இறக்கினாள். மறதி நோயை ரத்தத்தில் பார்க்கும் புதுப் பரிசோதனை வந்திருக்கிறதாம். ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள். முடிவைக் கேட்கப் போன அன்று தாய், மகளோடு ராஜதுரையும் துணைக்கு வந்தார். செல்லனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார்கள். வாய் துடுக்கே தவிர, அண்ணன் மேல் உயிர்.

டாக்டர் விஜயலட்சுமி நிதானமாகச் சொன்னார். "மூளையில சில புரதம் அழுக்கு மாதிரி படியும்மா. அதோட அடையாளம் ரத்தத்துல தெரியும். இவருக்கு ஜாஸ்தியா இருக்கு. ஞாபகத்தைப் பாத்துக்கற இடமும் சுருங்கியிருக்கு. அல்சைமர் நோய்."

"கொணமாவுமாங்க?" என்றாள் பழனியம்மாள்.

"முழுசா குணமாக்க முடியாதும்மா. தடுமாற்றத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணலாம்."

பழனியம்மாள் சேலைத் தலைப்பை முறுக்கினாள். கேட்க வந்ததைக் கேட்டேவிட்டாள். "மூணு வருசம் முன்ன நாந்தாங்க வெதைய எடுத்துக் குடுத்துட்டேன். அதனாலதான் இப்படி ஆயிட்டாரா?"

மகள் நெளிந்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. அந்த வழக்கத்தை முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

"மூணு வருஷம் முன்னாடி வெளிய தெரிஞ்சது மறதிம்மா. நோய் அப்ப ஆரம்பிக்கல. இது மூளையில ஓசைப்படாம படிய ஆரம்பிச்சு பதினஞ்சு, இருபது வருஷம்கூட ஆயிருக்கும். நீங்க விதை குடுத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

ராஜதுரை எழுந்து நின்றுவிட்டார். "அண்ணி, என் வாயில மண்ணப் போட."

"போட்டுக்க. நம்ப மலையில மண்ணுக்கா பஞ்சம்?" என்றாள் பழனியம்மாள். பழைய வாய் திரும்பியிருந்தது. டாக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். வியாதி தீராது என்று சொன்னவரை இப்படியா கும்பிடுவார்கள்? அவளுக்கு அன்று அவர்தான் சாமி.

வெளியே பெஞ்சில் செல்லன் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் அந்த இருபது வருடம் அவளுக்கு உறைத்தது. சிவரஞ்சனி கைக்குழந்தையாக இருந்த காலம். காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில் அடிவாரத்துக் கச்சிராயபாளையம் ஆஸ்பத்திரி வரை நடந்தே இறங்கிய மனுஷன். வீட்டுக்கு ஓடு மாற்றியதும், மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்ததும் அதற்கப்புறம்தான்.

அவள் அழுதாள். "அதயும் தலையில சொமந்துக்கினுதான் எங்களயும் சொமந்தியாய்யா? நீ நல்லா இருக்கணும்."

செல்லன் அவளைப் புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு எழுந்து கையை நீட்டினார்.

"அழுவாதம்மா. வூட்டுக்கு வழி தெரியலியா? வா, நான் கொண்டாந்து வுடுறேன்."