தோற்றவர் கேட்ட அறிவிப்பு

அந்த முடிவைத் தவறாகக் கேட்டவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு அதே வேலையை எவ்வளவு நன்றாகச் செய்தேன் என்பதையும் கூச்சமில்லாமல் சொல்லப் போகிறேன்.

ஐம்பதுகளின் பின்பாதி. பெங்களூரில் ஒரு வானொலி நிலையத்தின் செய்திப் பிரிவில் நான் ஸ்டெனோ. வீடு அல்சூரில். அப்பாவும் அண்ணனும் ஒரே மில்லில் வேலை. வீட்டில் தமிழ், பஸ்ஸில் கன்னடம், கடைத்தெருவில் தக்கினி உருது, ஆபீஸில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவள். அதனால் என்னைத் தொலைபேசிப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். மாவட்டங்களிலிருந்து நிருபர்கள் டிரங்க் காலில் சொல்வதைச் சுருக்கெழுத்தில் பிடித்து, டைப் அடித்து, செய்திப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். தார்வாட் பக்கத்திலிருந்து வந்தவர் அவர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா. என் தாளைப் பார்த்துக் கன்னடத்தில் எழுதுவார். அறிவிப்பாளர் அதை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் போவார்.

பொதுத் தேர்தல் வந்தது. அப்போதெல்லாம் முடிவுகள் ஒரே இரவில் வந்து கொட்டாது. எண்ணிக்கை மூன்று நாள், நான்கு நாள் இழுக்கும். வழக்கமான செய்தி அறிக்கைகளுக்கு நடுவே சிறப்பு அறிக்கைகள் வைத்தோம். இடைவெளியில் வீணை இசைத்தட்டுகள். இசை பாதியில் நின்றால் ஏதோ ஒரு தொகுதியின் முடிவு வந்துவிட்டது என்று ஊருக்கே தெரியும். டீக்கடைகளில் ஆட்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள் என்று அண்ணன் சொல்வான். அதைத் தாண்டி எங்களிடம் ஏற்பாடு என்று ஒன்றும் இல்லை. வருகிறபடி எழுது, எழுதியபடி படி. அவ்வளவுதான்.

எண்ணிக்கையின் இரண்டாம் நாள் மதியம், கிழக்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிற ஒரு தொகுதியிலிருந்து கால் வந்தது. அங்கே ஒரே பெயரில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். முன்னெழுத்து மட்டும் வேறு: ஒருவருக்கு பி, இன்னொருவருக்கு டி. லைனில் எண்ணெய் காய்வதுபோல் ஓர் இரைச்சல். நிருபர் இரண்டு முறை கத்திச் சொன்னார். எனக்கு பி என்று கேட்டது. பி என்று எழுதினேன். ஒன்றேகால் மணி அறிக்கைக்கு ஆறு நிமிடம்தான் இருந்தது. "டி-யா, பி-யா?" என்று திருப்பிக் கேட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். நான் கேட்கவில்லை.

ஒன்றேகாலுக்கு பி வென்றதாக அறிவித்தோம். சாயங்காலம் அரசாங்கப் பட்டியல் வந்தபோதுதான் வென்றது டி என்று தெரிந்தது. பொறுப்பாளர் உதட்டைக் கடித்துக்கொண்டார். இரவு அறிக்கையில் சரியான பெயரைப் படித்தோம். மதியம் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சரிதான், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். வாயிற்காவலர் ஒருவரை அழைத்து வந்தார். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். கசங்கிய வெள்ளைச் சட்டை, காலர் ஓரத்தில் குங்குமக் கறை. இரயிலிலிருந்து நேராக வந்திருக்கிறார்.

"வணக்கம்மா. நேத்து மத்தியானம் ஜெயிச்சவன் நான்தான். ராத்திரி தோத்தவனும் நான்தான்" என்றார்.

சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அரசாங்க ஆஸ்பத்திரியில் காம்பவுண்டராக இருந்து, வேலையை விட்டுவிட்டுச் சுயேச்சையாக நின்றவர் அவர். ஊரில் பாதிப் பேருக்கு மருந்து கலந்து கொடுத்த கை. எங்கள் அறிக்கையைக் கேட்டதும் பட்டாசு வெடித்து, மாலை போட்டு, மாட்டுவண்டியில் ஏற்றி ஊர்வலம் போயிருக்கிறார்கள். அவர் எண்ணுமிடத்திலிருந்து வெளியே வந்து, "நான் தோத்துட்டேன்பா" என்று சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

"ராத்திரி நீங்க வேற பேர் சொன்னதும் எல்லாம் மாறிப்போச்சும்மா. மத்தியானம் ரேடியோ சொன்னதுதான் நெசம், நடுவுல பெட்டிய மாத்திட்டாங்கன்றாங்க. தாலூகா ஆபீஸ் வாசல்ல பசங்க கல்லும் கழியுமா குந்திகினு இருக்காங்க. நான் சொன்னா, ஒன்ன மெரட்டிட்டாங்கன்றாங்க. எண்ணும்போது நான் அங்கியேதான் இருந்தேன். என் கண்ணால பார்த்தேன். நான் தோத்துட்டேன்னு நீங்க சொல்லணும். ரேடியோ சொன்னாத்தான் கேப்பாங்க."

நான் அவரைப் பொறுப்பாளரிடம் அழைத்துப் போனேன். எங்கள் தவறை அவர் மறுக்கவில்லை. ஆனால் தயங்கினார். "சரியான முடிவை ராத்திரியே படித்துவிட்டோமே. திருத்தம் என்று தனியாகப் போட்டால் டில்லியிலிருந்து விளக்கம் கேட்பார்கள்" என்று கன்னடத்தில் சொன்னார்.

காம்பவுண்டருக்குக் கன்னடமும் நன்றாக வந்தது. "சரியானதைப் படித்தீர்கள் ஸார். தவறானது தவறு என்று சொல்லவில்லையே" என்றார் அதே பாஷையில்.

என் நோட்டுப் புத்தகத்தை மேஜைமேல் விரித்து வைத்தேன். "ஸார், கால் எடுத்தது நான். பி என்று எழுதியதும் நான். டில்லியில் கேட்டால் என் பெயரைக் கொடுங்கள்" என்றேன்.

பொறுப்பாளர் மூன்று பேனாவில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீயே எழுது."

இரண்டு வாக்கியம் எழுதினேன். நேற்று மதிய அறிக்கையில் இந்தத் தொகுதியில் வென்றதாக நாங்கள் சொன்ன பெயர் தவறு என்பது ஒன்று. அந்தத் தவறு வாக்கு எண்ணிய இடத்தில் நடந்ததல்ல, எங்கள் அலுவலகத்தில் தொலைபேசிச் செய்தியை எழுதியபோது நடந்தது என்பது மற்றொன்று. பொறுப்பாளர் இரண்டாவது வாக்கியத்தின்மேல் பேனாவை வைத்தார். காம்பவுண்டர் எழுந்துவிட்டார். அவசரத்தில் தமிழிலேயே சொன்னார்.

"அத எடுத்துடாதீங்க ஸார். அந்த ரெண்டாவது வரிதான் மருந்து. மொத வரி வெறும் தண்ணி."

பேனா விலகியது. அன்று ஒன்றேகால் அறிக்கையில் முதல் செய்தியாக அதைப் படித்தோம். பார்வையாளர் அறையில் இருந்த ஒலிபெருக்கிக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்று அவர் முழுவதும் கேட்டார். தான் தோற்ற செய்தியை அவ்வளவு திருப்தியாகக் கேட்ட மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. கேன்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு இரயிலுக்குப் போய்விட்டார். தாலூகா ஆபீஸ் வாசலில் இருந்தவர்கள் அன்று மாலையே கலைந்துவிட்டதாக எங்கள் நிருபர் மறுநாள் சொன்னார். எல்லாரும் நம்பிவிடவில்லை. பெட்டியை மாற்றிவிட்டார்கள் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. ஆனால் கல் ஒன்றும் பறக்கவில்லை.

டில்லியிலிருந்து விளக்கம் கேட்டார்கள். நான்கு வரியில் எழுதிக் கொடுத்தேன்: கேட்டது தவறு, திருப்பிக் கேட்காதது அதைவிடப் பெரிய தவறு, திருத்தத்தை அறிவித்தது சரி, இனி நடக்காமலிருக்க ஒரு முறை வகுத்துத் தருகிறேன். கடைசி வரியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதினேன். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

அடுத்த பொதுத் தேர்தலுக்குள் அந்த முறையை உருவாக்கிவிட்டேன். ஒவ்வொரு தொகுதிக்கும் முன்கூட்டியே ஒரு தாள். வேட்பாளர் பெயர், முன்னெழுத்து, சின்னம் எல்லாம் டைப் அடித்துத் தயாராக இருக்கும். வாக்கு எண்ணிக்கைக்கு மட்டும் இடம் காலி. கால் வந்தால் பெயரைக் கேட்பதற்கு முன் சின்னத்தைக் கேட்க வேண்டும். தராசையும் சைக்கிளையும் எந்த இரைச்சலிலும் மாற்றிக் கேட்க முடியாது. முன்னெழுத்தை ஊர்ப் பெயரோடு சொல்ல வேண்டும்: பி பெங்களூர், டி டில்லி. எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். ஓரிடத்திலிருந்து மட்டும் வந்த முடிவு ரோஸ் தாளில் இருக்கும். மாவட்டத் தேர்தல் அலுவலகமும் உறுதி செய்தபின்தான் வெள்ளைத் தாள். ஸ்டூடியோவுக்குள் வெள்ளைத் தாளைத் தவிர வேறெதுவும் நுழையக்கூடாது.

"இத்தனை காகிதமா?" என்றார் பொறுப்பாளர்.

"ஆமாம் ஸார்" என்றேன்.

எண்ணிக்கைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தேன். எங்கள் நிலையத்தின் தொலைபேசி ஆபரேட்டர் விவேக் நகர்க்காரி, என் வயதுதான். மாதா கோயிலில் பூசை முடித்துக்கொண்டு, தலையில் போட்டிருந்த முக்காட்டோடு நேராக வந்துவிட்டாள். பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, தொலைபேசியின் பேசும் முனையில் கர்ச்சீப்பைச் சுற்றி, இல்லாத ஊர்களிலிருந்து பொய் முடிவுகளாகச் சொல்லித் தள்ளினாள். நடுவில் வேண்டுமென்றே இருமுவாள். "ஹலோ, ஹலோ" என்று லைனை அறுப்பாள். நானும் புதிதாகச் சேர்ந்திருந்த இரண்டு டைப்பிஸ்டுகளும் மாறி மாறி எழுதினோம். முதல் சுற்றில் ஏழு தப்பு. மூன்றாவது சுற்றில் ஒன்றும் இல்லை.

"இதுக்கு மேல கெட்ட லைன் எந்த ஜில்லாவுலயும் கிடையாதுடி, நீ பாஸ்" என்றாள்.

எண்ணிக்கை தொடங்கியது. முதல் நாள் முறை கடிகாரம் மாதிரி ஓடியது. ரோஸ் தாள் சுவரில் ஏறும், கால் வரும், ரோஸ் இறங்கும், வெள்ளை உள்ளே போகும். அறிவிப்பாளர் முன்பெல்லாம் தாளை வாங்கியதும் "நிச்சயம்தானே?" என்று கேட்பார். அன்று பிற்பகலோடு கேட்பதை நிறுத்திவிட்டார்.

இரண்டாம் நாள் மாலை ஆறு மணிக்கு டெலிபிரிண்டர் மணி விடாமல் அடித்தது. மந்திரி ஒருவர் தோற்றுவிட்டார். செய்தி ஏஜென்சி அனுப்பியது, ஓரிடம் மட்டும். ரோஸ் தாளில் அடித்துச் சுவரில் மாட்டிவிட்டு, மாவட்ட அலுவலகத்துக்கு லைட்னிங் கால் போட்டேன். எதற்கும் முந்திக் கிடைக்கிற கால் அது. ஆனாலும் லைன் பிஸி.

பத்து நிமிடம் ஆனது. பொறுப்பாளர் வந்து நின்றார். ஒரு பத்திரிகை ஆபீஸ் வாசலில் இந்தச் செய்தியைப் பலகையில் எழுதிவிட்டார்களாம், தெரு நிறையக் கூட்டமாம். ஸ்டூடியோவில் வீணை ஓடிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம். ஆபரேட்டர் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, ஊரே போன் பண்ணுது. இன்னா சொல்றது?"

"இன்னும் உறுதியாகலன்னு சொல்லு."

"திட்டுறாங்கடி."

"திட்டட்டும்."

பொறுப்பாளர் சுவரிலிருந்த ரோஸ் தாளைக் கையில் எடுத்தார். "ஏஜென்சி தவறாகச் சொல்லாது. நம் ரேடியோ கடைசியாகச் சொன்னால் நாளைக்குச் சிரிப்பார்கள்" என்றார்.

"நீங்கள் உத்தரவு போட்டால் உள்ளே அனுப்பலாம் ஸார். ஆனால் ரோஸ் தாளாகவே போகட்டும். வெள்ளையில் நான் அடிக்க மாட்டேன்."

அவர் தாளைத் திரும்பச் சுவரில் மாட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் லைன் கிடைத்தது. எதிர்முனையில் இருந்த குமாஸ்தாவிடம் முதலில் சின்னத்தைக் கேட்டேன். பிறகு எண்களை ஒவ்வொன்றாக. திருப்பிப் படித்தேன். "சரி, சரி, சரி" என்றார் அவர். ஏஜென்சி சொன்னது அப்படியே உண்மை. ஒரு வாக்குகூட மாறவில்லை. வெள்ளைத் தாள் உள்ளே போனது, வீணை நின்றது, அறிவிப்பாளரின் குரல் வந்தது. ஊரிலேயே கடைசியாகச் சொன்னவர்கள் நாங்கள்தான்.

எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. செய்தி சரியாக இருந்ததால் காத்திருந்தது வீண் என்று ஆகிவிடாது. பொறுப்பாளரும் அன்று அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும்போது, "நாளைக்கு இன்னொரு லைன் கேட்டு வாங்கித் தருகிறேன்" என்றார். மறுநாள் காலை எட்டு மணிக்கு மூன்றாவது தொலைபேசி என் மேஜையில் இருந்தது.

மந்திரி தோற்ற அன்றிரவே வீட்டில் அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான்.

"உங்க ரேடியோ ரொம்ப லேட்டு. டீக்கடைல சேதி ஆறு மணிக்கே வந்துடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, எவனும் எந்திரிக்கல. ரேடியோ சொல்லட்டும்னு எல்லாரும் அங்கியே குந்திட்டாங்க. கடைக்காரனுக்கு இன்னிக்கு நல்ல வியாபாரம்."

அந்த நான்கு நாட்களில் எங்கள் நிலையம் அறிவித்த முடிவுகளில் ஒன்றைக்கூடத் திருத்த வேண்டி வரவில்லை. கடைசி அறிக்கை முடிந்ததும் அறிவிப்பாளர் வெள்ளைத் தாள்களைக் கட்டாகக் கட்டி என் மேஜையில் வைத்துவிட்டு, தொண்டைக்குப் பால் குடிக்கப் போனார். அதற்கடுத்த தேர்தலுக்கு முன்பே பொறுப்பாளர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். முடிவுகள் அறையை யார் பார்த்துக்கொள்வது என்று புதிதாக வந்தவர் கேட்டபோது, மூன்று பேர் ஒரே நேரத்தில் என்னைக் கைகாட்டினார்கள். எனக்கு ஐந்து டைப்பிஸ்டும் நாலு தொலைபேசியும் வேண்டும் என்று சொன்னேன். கொடுத்தார்கள்.