அவள் நம்பாத எண்

நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையின் கரும்பு எடைமேடையில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். டிராக்டர் ஏறும், எண் விழும், சொல்வேன். எந்தக் கரும்புக்காரரும் அந்த எண்ணை நம்பியதில்லை. "வயல்ல ஜாஸ்தியா இருந்துச்சே, இங்க வர்றதுக்குள்ள இளைச்சிப் போச்சா?" என்பார்கள். எரிச்சலாக வரும். நானா கரும்பைத் தின்றுவிட்டேன்? கடலூருக்கு வந்து வீட்டில் புலம்பினால் என் மனைவி சிரிப்பாள். "எடைமேடைக்காரரை நம்புனவுங்க எங்கியாவது உண்டா?" என்பாள்.

2011 தொடக்கத்தில் அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சிதம்பரத்தில் சொன்னார்கள். எங்களிடம்தான் சொன்னார்கள், அவளிடம் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. நோயாளியை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, உறவுக்காரர்கள் உள்ளே போய், "அவுங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று கேட்டுக்கொள்வார்கள். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணு என்பார்கள். இங்கே வைத்தியமும் அப்படித்தான் நடக்கும். அவளுடைய தம்பி, என் மச்சான், இதில் கைதேர்ந்தவன். "குடல்ல புண்ணுக்கா, நாலு ஊசி போட்டா சரியாப் போயிடும்" என்று முந்திக்கொண்டான். டாக்டரும் தலையை ஆட்டி வைத்தார்.

ஆரம்பப் பள்ளியில் கணக்கு நடத்தியவளை எத்தனை நாள் ஏமாற்றுவது? மருந்து ஏற்றும் அறையில் பக்கத்துக் கட்டில்களையெல்லாம் பார்த்திருக்கிறாள். திரும்பி வரும்போது பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியதும், "அங்க பாதிப் பேருக்குத் தலையில முடியே இல்ல. எல்லாருக்கும் குடல்புண்ணுதானா?" என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாலம் தாண்டியதும் அவளே, "இனிமே எங்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது. ரத்தத்துல என்ன எண் வருதோ, அப்படியே சொல்லணும்" என்றாள். சரி என்றேன்.

அந்த எண், சி.ஏ. பத்தொன்பது ஒன்பது என்ற ரத்தப் பரிசோதனையில் வருவது. கட்டி ரத்தத்தில் விடும் ஒரு பொருளின் அளவு. நோய் மருந்துக்குக் கட்டுப்பட்டால் பெரும்பாலும் குறையும், கட்டுப்படாவிட்டால் ஏறும். ஒரு தடவை வரும் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். முதலில் ஆயிரத்தைத் தாண்டி இருந்தது. மாதம் ஒரு முறை சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு லேப்பில் ரத்தம் கொடுப்பாள். ரிசல்ட் மறுநாள்தான் கிடைக்கும். அதை வாங்க நான் மட்டும் தனியாகப் போவேன்.

பிள்ளைகள் இல்லை எங்களுக்கு. உறையைப் பிரித்து எண்ணைப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிப்பேன். அத்தனை கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்ல ஓர் ஆள் கிடையாது. கடலூர் வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிடுவேன். மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது. "ஏறுச்சுன்னா நிறுத்திடுவேன். வீணா ஊசியில குத்து வாங்க எனக்குத் தெம்பு இல்ல" என்று அவளும் மாதாமாதம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வருஷக் கடைசியில் புயல் அடித்தது. எங்கள் தெருவில் நின்ற மரம் ஒன்று விடாமல் சாய்ந்தது. கரண்ட் போனது போனதுதான், பொங்கல் வரைக்கும் வரவில்லை. சிதம்பரத்துக்கு பஸ் ஓடுமா என்று யாருக்கும் தெரியாததால், கடலூரிலேயே ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு லேப்பில் ரத்தம் கொடுத்தோம். எண் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி வந்தது. வாக்குக் கொடுத்தாயிற்றே, சொன்னேன். அவள் மாத்திரை டப்பாவை எடுத்து அலமாரி மேல்தட்டில் வைத்தாள். "போதுங்க" என்றாள்.

ரோடு சரியானதும் நான் மட்டும் டாக்டரிடம் ஓடினேன். "எந்த லேப்?" என்றுதான் முதலில் கேட்டார். ஒவ்வொரு லேப்பிலும் மெஷினும் முறையும் வேறு, ஓரிடத்து எண்ணை இன்னோரிடத்து எண்ணோடு ஒப்பிடவே கூடாது, பழைய இடத்திலேயே மறுபடி பாருங்கள் என்றார். போன உயிர் வந்தது. எடைமேடைக்காரனுக்கு இது தோன்ற வேண்டாமா? வீட்டுக்கு வந்து அவள் கையைப் பிடித்துக் கெஞ்சி, சிதம்பரம் கூட்டிப்போய் ரத்தம் கொடுக்க வைத்தேன்.

அன்று சாயங்காலம் மச்சான் போன் செய்தான். "மாமா, நாளைக்கு எது வந்தாலும் கொறஞ்சிருக்குன்னே சொல்லிடுங்க. பேப்பர் வேணும்னா நம்ம ஜெராக்ஸ் கடையில அடிச்சிக்கலாம்" என்றான். கரண்ட் இல்லாத வீடு. ஃபேன் ஓடவில்லை, டி.வி. ஓடவில்லை. போனுக்குள் அவன் பேசியது கூடத்தில் படுத்திருந்தவளுக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டிருக்கிறது. நான் அவனைத் திட்டி வைத்ததும் கேட்டிருக்கும். ஆனால் அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுநாள் வந்த எண், புயலுக்கு முன் சிதம்பரத்தில் வந்ததைவிடக் குறைவு. ஓட்டமும் நடையுமாக வந்து பேப்பரைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கப்பாவுக்கு நோவு வந்தப்ப நானும் இப்படித்தான் ஒண்ணு அடிச்சிக் குடுத்தேன். படிச்சிட்டு, ரசம் வை, சாப்புடுறேன்னாரு" என்றாள்.

"சத்தியமா இது நெசம்மா. வேணும்னா டாக்டர்கிட்டயே வந்து கேளு."

"அவருகிட்டயும்தான் மொதல்லயே சொல்லி வெச்சிங்களே."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கோபப்படுவது? பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள்; நான் உண்மையைச் சொல்லிவிட்டுப் பட்டினி கிடந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "சரி, ஊசிக்கு வரேன். நீங்க ஒண்டியா அலைய வேணாம்" என்றாள்.

அதற்குப் பிறகும் எண் குறைந்தது. நான் சொல்வேன், அவள் "சரிங்க" என்பாள். குழந்தை சொல்லும் கதைக்குத் தலையாட்டுவதுபோல் ஆட்டுவாள். நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தாள், கன்னத்தில் சதை வைத்தது. அதையும் நம்பவில்லை. "அணையப் போற வெளக்கு பிரகாசமாத்தான் எரியும்" என்றாள். ஆனித் திருமஞ்சனத்துக்குக் கூப்பிட்டேன், தேர்க்கூட்டத்தில் மயங்கி விழுந்து மற்றவர்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று மறுத்தாள். பீரோவைத் திறந்து பட்டுப்புடவைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ரொம்பப் பிடித்த பச்சைப் பட்டு பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போனது. ஒரே கூரைக்கு அடியில் அவள் செத்துக்கொண்டிருந்தாள், நான் அவள் பிழைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தனியாக நான் என் வாழ்நாளில் இருந்ததில்லை.

ஆடியில் எண் ஏறியது. அதே லேப், அதே மெஷின். இந்தத் தடவை டீ குடிக்கவில்லை. முந்தின நாள் எடுத்த ஸ்கேனிலும் பரவியிருப்பது தெரிகிறது என்று டாக்டர் சொன்னதை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்தேன். பொய் சொல்லிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. சொல்லத் தெரியவில்லை. வாசலில் செருப்போடு நின்றபடி, "ஏறிடுச்சும்மா" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் என்னை நேராகப் பார்த்தாள்.

"இது நெசம்" என்றாள்.

"நெசம்தான்."

"அப்ப போன மாசம் சொன்னது?"

"அதுவும் நெசம்தான். எல்லாமே நெசம்தான்."

கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். கணக்கு டீச்சர் அல்லவா, விரலை மடக்கி எண்ணினாள். தை, மாசி, பங்குனி என்று உதடு மட்டும் அசைந்தது.

"அப்ப ஆறு மாசமா நான் நல்லாத்தான் இருந்திருக்கேன்" என்றாள்.

அவள் என் கையைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். பீரோப் பக்கம் பார்த்து, "அந்தப் பச்சைப் பொடவையக் குடுத்திருக்க வேணாம்" என்றாள்.

மறுநாள் காலையில் வெட்கத்தை விட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.