வெயில் கணக்கு

பள்ளிமுனைக் கடற்கரை. உச்சி வெயிலில், நான் தங்கி ஊர் சுற்றும் வான் வண்டியின் பற்றரி செத்துக்கொண்டிருக்கிறது. பிரிட்ஜுக்கு இவ்வளவு, காற்றாடிக்கு இவ்வளவு என்று மூன்று மாதம் கணக்குப் போட்டு வண்டிக் கூரையில் சோலார் தகடுகள் பூட்டியவன் நான். மேகத்துக்கும் மழைக்கும்கூடக் கணக்கில் இடம் விட்டிருந்தேன். வயர்களை எல்லாம் கழற்றிப் பூட்டியும் பயனில்லை. காலையில் வாங்கிய பாரை மீன் பிரிட்ஜுக்குள் வியர்க்கிறது.

கடைசியாக ஏணியில் ஏறிப் பார்க்கிறேன். நான்கு தகடுகளிலும் உப்புப் போட்ட சூடை மீன் பரப்பிக் கிடக்கிறது.

"நிலத்தில போட்டா கழுதை உழக்கிப்போடும், தம்பி," என்கிறார் கீழே நிற்கும் மெற்றில்டா அக்கா. எனக்குப் பாரை விற்றவர் அவர்தான். "நீங்கள் குளிக்கப் போன நேரம் ஏறிப் போட்டனான். நல்ல சூடு. பின்னேரம் எடுத்திடுவன்."

"அக்கா, அதில வெயில் பட்டாத்தான் பிரிட்ஜ் ஓடும். உங்களிட்ட வாங்கின பாரை பழுதாகப்போகுது!"

அவர் முகத்தில் உண்மையான கவலை.

"ஐயோ, இதை முதலே சொல்லியிருக்கலாமே! கொண்டு வாங்கோ, கீறி உப்புப் போட்டுத் தாறன். சூடையைக் கொஞ்சம் நெருக்கி வைச்சா மேல அதுக்கும் இடம் காணும்."