ரேஸ் டிராக்கில் அப்பாவுக்கு மூன்று சுற்று

கல்யாணம் நிச்சயமான மூன்றாம் வாரம், என்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவர் ஃபோன் செய்தார். "வர்ற சனிக்கிழமை கோயம்புத்தூர் போலாமா? ரேஸ் டிராக்ல சூப்பர்கார் ஓட்டலாம். நம்ம ரெண்டு பேருக்கும் புக் பண்ணிட்டேன்."

அவருக்குக் கார் பைத்தியம் என்று பெண் பார்க்க வந்த அன்றே தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் ஸ்ரீவராகம் பக்கம் அவர்கள் வீட்டுத் தெருவில் ஒரு மாருதியைத் திருப்புவதற்குள் உயிர் போய்விடும். இந்த மனுஷர் லீவு கிடைத்தால் இருநூறு கிலோமீட்டர் வேகத்துக்கு இடம் தேடுகிறார். பந்தயம் இல்லாத நாட்களில் ஒரு கம்பெனியைச் சேர்ந்தவர்கள் மூன்று வெளிநாட்டுக் கார்களை அங்கே கொண்டுவந்து நிறுத்துவார்களாம். லைசென்ஸைக் காட்டி, அரைமணி நேரப் பாடம் கேட்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டால், பக்கத்தில் ஒரு கோச்சை உட்காரவைத்து மூன்று சுற்று ஓட்ட விடுவார்களாம். இதெல்லாம் ஒரு விடுமுறையா என்று நினைத்தேன். சரி என்றுதான் சொன்னேன்.

அம்மாதான் குதித்தாள். "தாலி ஏறறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் தனியா ஊர் சுத்தறதா? நன்னாருக்கு! அப்பாவும் கூட வரட்டும்." அப்படித்தான் அப்பா எங்களோடு ரயில் ஏறினார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அப்பாவுக்கு வலிப்பு உண்டு. இரண்டு வருஷம் முன்பு கரமனையில் எங்கள் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். அதற்குப் பிறகும் இரண்டு முறை வந்தது. இனிமேல் எந்த வண்டியும் ஓட்டக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாற்பது வருஷம் வண்டியைத் தானே கழுவி, தானே ஓட்டி, வேறொருவர் சாவியைத் தொட்டாலே முகம் மாறுகிற மனுஷர். வண்டியை விற்றுவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தார்.

ஊருக்கு நாங்கள் சொன்ன காரணம் முழங்காலில் முட்டுவலி. "பொண்ணு கல்யாணம் முடியற வரைக்கும் வெளியில மூச்சு விடப்படாது. ஃபிட்ஸ் இருக்கற குடும்பம்னு ஒருத்தன் வாயத் திறந்தாப் போறும்" என்றாள் அம்மா. கல்யாணம்வரை திரும்ப வராமலிருக்கப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு வாராவாரம் தேங்காய் உடைத்தாள். எல்லாவற்றையும் அம்மா தலையில் போட மாட்டேன். பெண் பார்க்க வந்தவர்கள், "மாமா இப்ப வண்டி ஓட்டறதில்லையா?" என்று கேட்டபோது, முட்டுவலி என்று முந்திக்கொண்டு சொன்னது நான்தான்.

டிராக்குக்குள் நுழைந்ததும் என்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவர் ஒரு சின்னப் பையனைப் போலச் சிரித்தார். "மாமா, உங்களுக்கும் ஒரு ஸ்லாட் எடுத்திருக்கேன். சர்ப்ரைஸ்!"

அப்பா முழங்காலைப் பிடித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. எதிரே நின்ற மஞ்சள் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டுக்கு இப்ப தேவலை, கேட்டேளா மாப்பிள்ளை" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே கத்தியிருப்பேன். கத்தினால் கல்யாணம் போகும். லைசென்ஸ் கேட்டார்கள். ஓட்டக்கூடாத மனுஷர் பர்ஸிலிருந்து பளிச்சென்று எடுத்து நீட்டினார்! அடுத்து ஒரு படிவம். சின்ன எழுத்தில் இருந்ததால் அப்பா என்னிடம் தள்ளினார். வலிப்பு, மயக்கம், இருதய நோய் ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி. என்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை.

மனசைச் சமாதானப்படுத்த எனக்கு ஒன்று கிடைத்தது. ஊரில் நான் ஓட்டப் பழகிய டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். இங்கேயும் கோச் கூடவே வருகிறாரே, ஏதாவது ஆனால் அவர் மிதித்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

அப்பாவை ஹெல்மெட்டோடு அந்தத் தாழ்ந்த காருக்குள் இறக்கி பெல்ட் போட்டார்கள். மறுபக்கம் ஏறப்போன கோச்சிடம் கேட்டேன்: "உங்க பக்கமும் பிரேக் இருக்கு, இல்லையா?"

அவர் சிரித்தார். "இதுல அதெல்லாம் கிடையாதுங்க. டிரைவருக்கு மட்டும்தானுங்க பிரேக். நான் வாயில சொல்றதுதான்."

கதவு மேலே தூக்கியபடி நின்றது. அவர் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

"ஏறாதீங்கோ!" என்று கத்தினேன். "அப்பாவுக்கு ஃபிட்ஸ் உண்டு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா உள்ளேயிருந்து, "அவளுக்கு பயம், மாப்பிள்ளை. சும்மா சொல்றா" என்றார்.

"பயமா? மாத்திரை சட்டைப்பையில இருக்கு. எடுத்துக் காமிக்கட்டுமா?"

சொன்ன விதம் கொஞ்சம் கொடூரம்தான். அப்பா ஹெல்மெட்டைக் கழற்றினார். அந்தக் காரிலிருந்து அவரால் தானாக எழுந்திருக்க முடியவில்லை, கோச்தான் கை கொடுத்துத் தூக்கினார். பிறகு என் பக்கம் வந்தார்.

"ஃபாரத்துல இல்லைன்னு போட்டிருக்கீங்களேங்க. நானும் பொண்டாட்டி புள்ளைன்னு இருக்கறவன்தானுங்க."

அந்த மனுஷர் முகத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அப்பா போய், டிராக்குக்கு முதுகைக் காட்டியபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்து கூப்பிட்டது என் வருங்காலக் கணவர் பெயரை. என் பக்கம் திரும்பாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார். மூன்று சுற்று. ஒவ்வொரு முறை அந்த மஞ்சள் கார் அலறிக்கொண்டு எங்களைத் தாண்டியபோதும், போச்சு, கல்யாணம் போச்சு என்றுதான் எனக்குக் கேட்டது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இறங்கி வந்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "சாரமில்லை, போனாப் போறது. மாமா மருந்து சாப்பிடறாரே. நம்ம கல்யாணத்துக்கும் இதுக்கும் என்ன?" என்றார். உடனே குரலைத் தாழ்த்தி, "ஆனா எங்க அம்மாட்ட சொல்ல வேண்டாம், கேட்டயா" என்றார்.

தலையாட்டினேன். ஒரு பொய்யை உடைத்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் அடுத்தது தயாராகிவிட்டது.

என் பேருக்கு இருந்த சுற்றை நான் வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. ஸ்டேஷனுக்குப் போகும் டாக்ஸியில், முன் சீட்டில் அப்பா கண்ணை மூடிக்கொண்டதும், என் காதருகே கேட்டார்: "உனக்கு அந்த மாதிரி ஒண்ணும் இல்லையே?"

"இல்லை."

"நிஜமா?"

"நிஜமா" என்றேன். நிஜம்தான்.

அப்பா என்னோடு பேச ஒரு வாரம் ஆயிற்று. பேசியபோதும் திட்டவில்லை. "ஸ்டியரிங் என்ன லேசு தெரியுமோ, ஒரு விரல் போறும்" என்றார். நின்றுகொண்டிருந்த காரில் அரை நிமிஷம் பிடித்துப் பார்த்தது அது.

கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகிறது. நல்ல மனுஷர், ஒரு குறை சொல்ல முடியாது. நான் வெயிலில் அலைந்துவிட்டு வந்து தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தால் உடனே தண்ணீர் கொண்டுவருகிறார். தம்ளரை நீட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் என் கை விரல்களையே பார்க்கிறார், இழுக்கிறதா என்று. ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. விரல்களை அசைக்காமல் வைத்துக்கொண்டு, அவர் பார்த்து முடிக்கும்வரை இருக்கிறேன்.